வயலுக்குள் ஓர் உரத் தொழிற்சாலை

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் வழியில் வலங்கைமானைக் கண்டிருப்பீர்கள். ஊரையொட்டிக் குடமுருட்டி ஆறு ஓடுகிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போக நேர்ந்தால், நடவு முடிந்து இருபது நாளான வயல் ஒன்றின் வரப்பில் உச்சி வேளையில் சற்று நில்லுங்கள். பயிரைப் பார்க்க வேண்டாம். பயிரின் காலடியில் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள்.

சேற்றின் மேல் பச்சையும் நீலமும் பழுப்பும் கலந்த வழவழப்பான படலம் ஒன்று படர்ந்திருக்கும். அதன்மேல் முத்து முத்தாகக் குமிழிகள் தெரியும். வெயில் ஏற ஏற, படலத்தின் சில துண்டுகள் குமிழிகளைச் சுமந்துகொண்டு மேலே மிதந்து வரும். "வயலில் பாசி பிடித்துவிட்டது" என்பார் வயலுக்குரியவர். அந்தச் சொல்லில் சிறிது சலிப்பும் இருக்கும்.

நாம் சலித்துக்கொள்ளும் அந்தப் படலம் ஓர் உரத் தொழிற்சாலை. அதற்குப் புகைபோக்கி இல்லை, கொதிகலன் இல்லை, கழிவுநீர்க் குழாயும் இல்லை. மனிதன் அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. புரிந்துகொண்டு, அதைப் பார்த்துத் தானும் செய்ய முனைந்தான். அந்த முயற்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். அதன் முதல் அத்தியாயங்களுள் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டது.

ஒரு பழைய புதிர்

ஒரு டன் நெல் விளைய வேண்டுமானால் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அறுவடை செய்து நெல்லையும் வைக்கோலையும் வீட்டுக்குக் கொண்டு போனால், அந்தச் சத்தும் வயலை விட்டுப் போய்விடுகிறது. காவிரிப் படுகையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல் விளைகிறது. அப்படியானால் இந்த மண் எப்போதோ வறண்டு போயிருக்க வேண்டுமல்லவா?

போகவில்லை. அதற்குச் சில காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. வெள்ளக் காலத்தில் காவிரி வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு அந்த வண்டலின் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. விவசாயிகள் கொளுஞ்சி, எருக்கு, வேம்பு, புங்கன் முதலியவற்றின் தழையைச் சேற்றில் மிதித்தார்கள். கோடையில் வயலில் ஆட்டுக்கிடை கட்டினார்கள். தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்தார்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். இதைப் புத்தகம் படித்துச் செய்யவில்லை. கண்டு, செய்து, பலன் பார்த்து வழக்கமாக்கிக் கொண்டார்கள்.

ஆயினும் கணக்கு நேராகவில்லை. தழையும் எருவும் இடாத வயல்கூட ஆண்டுதோறும் ஓரளவு விளைந்தது. புன்செய் நிலத்துக்கு இல்லாத இந்த வரம், நீர் நிற்கும் நெல்வயலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூரில் எடுத்த குமிழிகள்

இந்தப் புதிரின் ஒரு முனையைப் பிடித்தவர்கள் கோயம்புத்தூரில் பணியாற்றிய இருவர். ஒருவர் டபிள்யூ. எச். ஹாரிசன், அன்றைய சென்னை மாகாண அரசின் விவசாய இரசாயன நிபுணர். மற்றவர் அவருடன் உழைத்த பி. ஏ. சுப்பிரமணிய அய்யர். நெல்வயல் சேற்றிலிருந்து எழும் வாயுக்களைச் சேகரித்துப் பகுத்து ஆராய்ந்து, 1913 முதல் தொடர்ச்சியாகத் தம் முடிவுகளை வெளியிட்டார்கள்.

நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாது. ஆனால் நெல்லின் வேருக்குப் பிராணவாயு வேண்டும். அது எங்கிருந்து கிடைக்கிறது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. சேற்றுக்குள் எடுத்த வாயுவில் நைட்ரஜனும் சதுப்புவாயு எனப்படும் மீத்தேனும் மிகுந்திருந்தன; கரியமிலவாயுவும் ஹைட்ரஜனும் சிறிதளவு கலந்திருந்தன. சேற்றின் மேல்பரப்பில், அந்தப் பாசிப் படலத்தின்மேல் எடுத்த வாயுவிலோ பிராணவாயு நிறைந்திருந்தது!

நடந்தது இதுதான். படலத்தில் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. கீழிருந்து வரும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் பாக்டீரியாக்கள் உண்டு கரியமிலவாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. அந்தக் கரியமிலவாயுவைப் பாசி சூரிய ஒளியில் உணவாக்கிக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. அது நீரில் கரைந்து, நீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேரையும் எட்டுகிறது என்று அவர்கள் கருதினார்கள். ஒருவருக்குக் கழிவானது அடுத்தவருக்கு உணவாகிறது. எதுவும் குப்பைக்குப் போவதில்லை.

அந்த நாளில் இது பயிரின் நலம் பற்றிய ஆராய்ச்சி. இன்று அதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பூமியை வெப்பமாக்கும் வாயுக்களில் கரியமிலவாயுவுக்கு அடுத்த இடம் மீத்தேனுக்கு. நெல்வயல் மீத்தேன் பற்றி இன்று உலகெங்கும் அளவெடுக்கிறார்கள். அத்தகைய ஆய்வுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

காற்றைப் பிடிக்கும் உயிர்

பாசி பிராணவாயு கொடுத்தது சரி. தழைச்சத்து எப்படி வந்தது? விடை 1939-இல் கிடைத்தது. பி. கே. டே என்ற வங்காள விஞ்ஞானி, இந்திய நெல்வயல் மண்ணிலிருந்து நீலப்பச்சைப் பாசிகளைப் பிரித்தெடுத்து வளர்த்தார். நைட்ரஜன் உப்பு எதுவும் இல்லாத நீரிலும் அவை செழித்து வளர்ந்தன. அவை காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன என்று காட்டிய அவர், உரமிடாத நெல்வயல் வளமிழக்காமல் இருப்பதற்கு இவையே முக்கியக் காரணம் என்று லண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் எழுதினார். பின்னர் காசியில் ஆர். என். சிங் இந்த ஆராய்ச்சியை விரிவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாசாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூல், உலகெங்கும் இத்துறையினருக்குக் கைநூலாக விளங்கியது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஓர் ஏக்கர் நிலத்தின் தலைக்குமேல் ஏறத்தாழ 30,000 டன் நைட்ரஜன் நிற்கிறது! ஆனால் பயிரால் அதைத் தொட முடியாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பு மிக வலியது. வலங்கைமான் வாணவெடிக்குப் பெயர்பெற்ற ஊர். வெடிமருந்தில் சேரும் வெடியுப்பிலும் நைட்ரஜன் உண்டு. தமிழில் அதை வெடியம் என்று எழுதியதும் உண்டு. வெடி வெடிக்கும்போது வெடியுப்பிலிருந்த நைட்ரஜன் வாயுவாகிக் காற்றுக்குத் திரும்புகிறது. திரும்பிப் போவது அத்தனை எளிது. காற்றிலிருந்து அதைப் பிடித்து வருவதுதான் கடினம்.

அந்தக் கடினமான வேலையை இந்த மெல்லிய பாசி செய்கிறது. அதற்கு உதவுவது நைட்ரஜனேஸ் என்னும் நொதி. இதில் ஒரு சிக்கல் உண்டு. பிராணவாயு பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். பாசியோ ஒளியில் பிராணவாயுவை உண்டாக்கும் உயிர். ஒரே வீட்டில் தீயையும் பஞ்சையும் எப்படி வைப்பது?

பாசியின் அமைப்பைப் பாருங்கள். மணிமாலைபோல் கோத்த அதன் செல்களில், பத்துப் பதினைந்துக்கு ஒன்று சற்றுப் பெரியதாக, தடித்த சுவருடன் இருக்கும். அந்தச் செல் பிராணவாயுவை உண்டாக்கும் வேலையை விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பிராணவாயுவையும் சுவர் தடுக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை அந்த மூடிய அறைக்குள் நடக்கிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதற்குச் சர்க்கரை கொடுக்கின்றன. அது அவற்றுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கிறது. இந்தத் தடித்த செல்களே நைட்ரஜனைப் பிடிக்கும் இடம் என்ற கருத்தை 1968-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள்; அது பின்னர் உறுதியாயிற்று.

மனிதன் கட்டிய ஆலை

இதே வேலையை மனிதனும் செய்தான். ஆனால் வேறு வழியில். 1909-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதை ஆலையாக்கினார். 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் உற்பத்தி தொடங்கியது. கோயம்புத்தூரில் ஹாரிசனும் சுப்பிரமணிய அய்யரும் தம் முதல் அறிக்கையை வெளியிட்ட அதே ஆண்டு அது!

இரண்டு ஆலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹேபர் முறைக்கு 400, 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டும். பாசிக்கு வயல் தண்ணீரின் வெதுவெதுப்பே போதும். அங்கே ஹைட்ரஜனுக்காக நிலக்கரியோ இயற்கை எரிவாயுவோ வேண்டும். இங்கே நீரும் வெயிலும் போதும். உலகம் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு அம்மோனியா ஆலைகளுக்கே போகிறது.

இதனால் ஹேபரின் கண்டுபிடிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது இல்லாவிட்டால் இன்றைய உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவு கிடைத்திராது. 1960-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டில் முதன்முதல் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. வலங்கைமானும் அன்று தஞ்சை மாவட்டத்தில்தான் இருந்தது. 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லைத் தந்தது. உரத்தை ஏற்று விளையும் இரகம் அது. நெய்வேலியிலும் மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் எழுந்தன. அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு யூரியா மூட்டையின் அருமை தெரியும்.

மூட்டையில் பாதிக்கு மேல் எங்கே போகிறது?

குறை உரத்தில் இல்லை. அது வீணாவதில் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் சுமார் 21 கிலோ. நிற்கும் தண்ணீரில் அப்படியே வீசினால், நெற்பயிர் உண்பது பெரும்பாலும் 7, 8 கிலோதான். மற்றதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. எஞ்சியதை விவசாயி காசு கொடுத்து வாங்கிக் காற்றுக்கும் வாய்க்காலுக்கும் தானம் செய்கிறார்.

அது போகும் வழிகள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, தண்ணீரிலுள்ள அம்மோனியா ஆவியாவது. இதில் நம் பாசிக்கும் பங்குண்டு! பகலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால் நீர் காரத்தன்மை அடைகிறது. கார நீரிலிருந்து அம்மோனியா எளிதில் பறந்துவிடும். அதுமட்டுமன்று. யூரியா தாராளமாகக் கிடைக்கும்போது பாசி நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. தேவையான பொருள் கையிலிருக்க, எந்த ஆலைதான் இயங்கும்? உதவிக்கு வந்த தொழிலாளியை நாமே வேலையிலிருந்து நிறுத்தி, நட்டத்துக்கும் காரணமாக்கிவிடுகிறோம்.

இரண்டாவது வழி சேற்றுக்குள் இருக்கிறது. வயல் சேறு இரண்டு அடுக்கு வீடு. மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்குச் செம்பழுப்பு நிறம். அங்கே பிராணவாயு உண்டு. கீழே கறுஞ்சாம்பல் நிறம். அங்கே பிராணவாயு இல்லை. மேலடுக்கில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகின்றன. அது கீழடுக்குக்கு இறங்கினால், அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. அப்போது சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடும் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு பூமியை வெப்பமாக்கவல்ல வாயு அது. நைட்ரேட் குடிநீரில் சேர்ந்தாலோ கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அதனால்தான் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

பார்த்துச் செய்த முயற்சிகள்

இயற்கையின் அமைப்பைப் பார்த்து, அதையொட்டி நம் கருவிகளையும் முறைகளையும் அமைப்பது இன்று ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு அந்தப் பெயர் வரும் முன்பே நெல்வயலில் அது தொடங்கிவிட்டது.

முதல் முயற்சி, பாசியையே உரமாக்குவது. புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. எஸ். வெங்கட்ராமன் இதற்கு எளிய முறை ஒன்றை வகுத்தார். இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஆழமில்லாத தொட்டியில் எட்டுப் பத்துக் கிலோ மண், 200 கிராம் சூப்பர் பாஸ்பேட், தண்ணீர், ஒரு கைப்பிடி பாசி விதை. அதை வெயிலில் வைத்தால் சில நாட்களில் பாசி தடித்து வளரும். காயவிட்டால் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அதை மூட்டை கட்டி வைத்து, நடவு செய்த ஒரு வாரத்தில் எக்டேருக்குப் பத்துக் கிலோ தூவலாம். நன்றாகப் பிடித்தால் ஒரு போகத்துக்கு 20 முதல் 30 கிலோ நைட்ரஜன் கிடைக்கும்.

இரண்டாவது, அசோலா என்னும் நீர்ப்பெரணி. அதன் இலைக்குள் இருக்கும் சிறு குழியில் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருக்கிறது. வடவியத்நாமின் செவ்வாற்றுப் படுகையிலும் தென்சீனாவிலும் நெல் விவசாயிகள் நூற்றாண்டுகளாக இதை வளர்த்து மிதித்து வந்தார்கள். நம் நாட்டில் கட்டக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பி. கே. சிங்கும், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஸ். கண்ணையனும் இதை ஆராய்ந்து பரப்பினார்கள். அசோலாவுக்கு இன்னொரு நன்மை உண்டு. அது தண்ணீரைப் போர்வைபோல் மூடிவிடுவதால், அடியில் மற்றப் பாசிகளுக்கு ஒளி குறைகிறது. நீர் காரமாவதும் அம்மோனியா பறப்பதும் குறைகின்றன.

மூன்றாவது, தழையுரத்தின் நிதானத்தைப் பின்பற்றுவது. சேற்றில் மிதித்த தழை மெல்ல மெல்ல மக்கி, பயிருக்குக் கவளம் கவளமாக ஊட்டுகிறது. யூரியாவோ இரண்டொரு நாளில் கரைந்து முடிகிறது. அதை நிதானப்படுத்த வழி என்ன? வேம்பின் கசப்புப் பொருள்கள், நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கும். ஐந்து பங்கு யூரியாவுடன் ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கைக் கலந்து ஓரிரவு வைத்து இடும் முறை இப்படிப் பிறந்தது. 2015-இல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டாயமாயிற்று. இன்று மூட்டையைப் பிரிக்கும்போது வரும் வேப்பெண்ணெய் வாசனையின் காரணம் இதுதான்.

ஏன் பரவவில்லை?

இத்தனை இருந்தும் பாசி உரமும் அசோலாவும் எல்லா வயல்களிலும் இடம்பெறவில்லை. ஏன்? 1980-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜரும் இலங்கை விஞ்ஞானி குலசூரியவும், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே ஒரு நூல் வெளியிட்டார்கள். அதுவரை நடந்த பாசிச் சோதனைகளை அவர்கள் தொகுத்து ஆராய்ந்தார்கள். பாசி இட்ட வயல்களில் விளைச்சல் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு கூடியது; ஆனால் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது. நத்தைகளும் சிறு நீர்ப்பூச்சிகளும் பாசியை மேய்ந்துவிடுகின்றன. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் பாசி தழைக்காது. வெளியிலிருந்து கொண்டுவந்த பாசி பல வயல்களில் நிலைப்பதில்லை. அசோலாவுக்குக் கடும் வெயில் ஆகாது. தண்ணீர் எப்போதும் நிற்கவும் வேண்டும். குறுவைத் தண்ணீருக்கு மேட்டூரை எதிர்பார்த்து நிற்கும் விவசாயிக்கு அது எப்போதும் கைகூடுமா? இவற்றோடு, யூரியாவும் மலிவாகவே கிடைத்தது.

ஆகவே பாசி மட்டும் இட்டால் போதும், யூரியா வேண்டாம் என்று சொல்வது உண்மையாகாது. உயர்விளைச்சல் நெல்லின் பசி பாசியால் மட்டும் அடங்காது. ஆனால் அந்தப் படலத்திடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று. அங்கே தேவைக்கு மேல் எதுவும் உண்டாவதில்லை. உண்டானது அருகிலேயே உணவாகிறது. அதன்படி நடந்தால் உரச் செலவில் ஒரு பகுதியும், மாசில் பெரும்பகுதியும் குறையும். யூரியாவை ஒரே முறையாக வீசாமல் பிரித்து இடுவது, தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் படும்படி இடுவது, பயிரின் பசியை இலையின் நிறம் பார்த்து அறிவது ஆகியவை அந்த வழியைச் சேர்ந்தவையே. இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டை மிக மலிவான கருவி. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், தாளடியில் உளுந்து விதைப்பதும் மறையாமல் காப்பதற்குரியவை.

இரசாயன விஞ்ஞானிகளும் பாசியின் பள்ளியில் மாணவர்களாகவே இருக்கிறார்கள். நைட்ரஜனேஸின் மையத்தில் இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. அதைப் பின்பற்றி 2003-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஷ்ராக்கும் அவருடன் ஆராய்ந்த ஒருவரும், ஒரு மாலிப்டினச் சேர்மத்தைக் கொண்டு அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், அம்மோனியா செய்து காட்டினார்கள். ஆனால் அந்தச் சேர்மம் சில சுற்றுகளிலேயே ஓய்ந்துவிட்டது. பாசியோ பல கோடி ஆண்டுகளாக ஓயவில்லை. 2024-இல் கடலில் வாழும் ஒரு நுண்பாசியின் செல்லுக்குள், நைட்ரஜனைப் பிடிப்பதற்கென்றே ஓர் உறுப்பு இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அப்படி ஓர் உறுப்பை நெல்லின் செல்லிலும் அமைக்க முடியுமா என்பது உங்களில் யாரேனும் ஒருவர் விடை காண வேண்டிய கேள்வி.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு சோதனை. வாய் அகன்ற இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் நெல்வயல் மண்ணை மூன்று விரற்கடை உயரம் போட்டு, அதற்கு மேல் அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை வெயில் படும் சன்னலில் வையுங்கள். மற்றதைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். கொசு முட்டையிடாமல் இரண்டின் வாயையும் மெல்லிய துணியால் கட்டுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வெயிலிலுள்ள குடுவையில் பாசி படர்ந்து குமிழிகள் தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரத்தன்மை காட்டும் தாள் வாங்கி, அந்த நீரை விடியற்காலையில் ஒரு முறையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையும் சோதியுங்கள். தாளின் நிறம் மாறுவதைக் காண்பீர்கள். மூடி வைத்த குடுவையில் அந்த மாற்றம் இராது.

அந்தத் தாளை உங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம் காட்டி, பிற்பகலில் நிற்கும் தண்ணீரில் யூரியாவை வீசினால் என்னவாகும் என்று விளக்கிச் சொல்லுங்கள். அவர் தம் வயல் தண்ணீரில் தாமே கண்ட ஏதாவது ஒன்றை உங்களுக்குச் சொல்லக்கூடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.